காலைக் கூட்டமும் தேசிய கீதமும்

காலைக் கூட்டத்தில் முதலில் தேவாரம், பிறகு கல்லூரிக் கீதம், கடைசியில் இலங்கையின் தேசிய கீதம். தேவாரத்துக்குச் சங்கீத வாத்தியார் இருந்தார். கல்லூரிக் கீதத்தை மூத்த வகுப்பு அண்ணன்மார் மிரட்டியே பாடமாக்குவார்கள். தேசிய கீதத்தை மட்டும் யாரும் சொல்லித் தந்ததில்லை, கேட்டுக் கேட்டு வாயில் வந்ததுதான். அதனால்தான் இன்றும் பழைய மாணவர் சங்க விழாக்களில் முதல் வரிகள் கணீரென்று எழுகின்றன, நடுவில் முணுமுணுப்பு, "நமோ நமோ" வந்ததும் மண்டபம் மறுபடி விழித்துக்கொள்கிறது.

மெட்டும் சிங்களப் பாடலும் ஆனந்த சமரக்கோனுடையவை. சாந்திநிகேதனில் பயின்று வந்தவர், 1940இல் எழுதினார். தமிழில் ஆக்கியவர் பண்டிதர் மு. நல்லதம்பி, கொழும்பு சாகிராக் கல்லூரித் தமிழாசிரியர். 1949 சுதந்திர தினத்தில் இரு மொழியிலும் பாடப்பட்டது. 1951 நவம்பர் 22இல் அரசு அதைத் தேசிய கீதமாக ஏற்றது. அப்போது தொடக்கம் "நமோ நமோ" என்றிருந்தது. இரண்டு பிரதமர்கள் பதவியிலிருக்கையிலேயே இறந்ததும், முதற்சீரின் அசையமைப்பான கணம் சரியில்லை, கேடு தரும் என்றார்கள். மங்கலச் சொல்லும் கணமும் பார்க்கும் பாட்டியல் மரபு நமக்கும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கை ஆக்கியவர்மேல் திணித்தது அநியாயம். சமரக்கோன் எதிர்த்தும் 1961இல் தொடக்கத்தை மாற்றினார்கள். அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

தமிழ் வடிவம் எங்கே இடறுகிறது? நல்லதம்பி பண்டிதர், சந்தி சேர்த்தே எழுதினார். மெட்டோ வேறிடத்தில் மூச்சு வாங்க வைக்கிறது. "நமதேர் வலி" என்பது நமது, ஏர் (அழகு), வலி (வலிமை). "நம" என்று நிறுத்தி "தேர் வலி" என்று இழுத்தால் தேரிழுத்த நோவுதான் மிச்சம். "நமதாரருள்" வரியிலும் இதே கதை: நமது, ஆர் (நிறைந்த), அருள். "நகு மடி" என்பதில் மடி சோம்பல். வள்ளுவர் 'மடியின்மை' என்றாரே, அந்த மடி. பொருள் தெரிந்தவர் அதைத் தாலாட்டுப்போல் குழைக்கமாட்டார். பாடுமுன் ஒருமுறை மெட்டில்லாமல், பதம் பிரித்து, உரக்க வாசித்தால் பாதிப் பிழை போய்விடும்.

அடுத்தது சுருதி. தொடக்கம் தாழ்வாக இருப்பதால் உற்சாகத்தில் மேலே எடுத்துவிடுகிறோம். நடுப்பகுதி ஏறும்போது அறுபது தாண்டிய தொண்டைகள் கைவிட்டுவிடும். பிள்ளைகளுக்கென்று அமைத்த கீபோர்ட் பதிவை ஒலிக்கவிட்டாலும் இதே கதிதான். பெரியவர்கள் கூடும் விழாவில் இரண்டு கட்டை குறைத்துப் பாருங்கள். முதல் அடியை ஒருவர் எடுத்துக் கொடுக்கட்டும், மற்றவர்கள் இரண்டாம் அடியில் சேரட்டும். காலம் இழுபடாமல் பார்ப்பதும் அவர் வேலை. அசையாமல் நிற்க வேண்டும். முடிந்ததும் கைதட்டல் வேண்டாம்; அது கச்சேரி அல்ல.

தமிழில் பாடலாமா என்று தயங்குவோருக்கு ஒரு வார்த்தை. 1978 அரசியலமைப்பின் 7ஆம் உறுப்புரை தேசிய கீதத்துக்கு மூன்றாம் அட்டவணையைக் காட்டுகிறது. அதன் தமிழ்ப் பிரதியில் இருப்பது இந்தத் தமிழ் வரிகளே. 2010 டிசம்பரில் தமிழ் வடிவத்தைக் கைவிடும் பேச்சு எழுந்தது. 2016 சுதந்திர தின விழாவில் கொழும்புக் காலிமுகத்திடலில் தமிழிலும் பாடினார்கள், 2020இல் விட்டுவிட்டார்கள். அட்டவணை மாறவில்லை.

விழாத் தாளில் அச்சிடுவோர் சொற்களைப் பதம் பிரித்தே போடுங்கள். "நமோ நமோ" திரும்பும் இடங்களில் '2 தரம்' என்று சுருக்காமல் வரியை முழுமையாக எழுதுங்கள். எழுத்தும் பெரிதாக இருக்கட்டும், பாதிப்பேர் கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள்.