நெட் தேர்வுக்குக் குடல் சளிப்படலத்தைப் படித்த விதம்

சிஎஸ்ஐஆர் நெட் உயிர் அறிவியல் தாளின் 4ஆம் அலகைப் பலரும் சமிக்ஞைப் பாதைகளோடு முடித்துக்கொள்கிறார்கள். ஓம்புயிரி-நுண்ணுயிரி உறவும் நோய்த்தடுப்பும் அதே அலகில்தான் இருக்கின்றன. அவை இரண்டும் அன்றாடம் சந்திக்கும் இடம் குடல். அங்குள்ள சளிப்படலத்தை ஒருமுறை ஒழுங்காகப் படித்துவிட்டால் மியூசின் என்ற சளிப் புரதம், ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள், டி செல், செல் இணைப்புகள் என்று தனித்தனியாகக் கிடந்த தலைப்புகள் ஒரே சரடில் கோத்துக்கொள்ளும். ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகைக்குப் படித்தபோது இந்தப் பகுதியை நான் எப்படிக் கையாண்டேன் என்பதைச் சொல்கிறேன்.

பாக்டீரியாக்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதில் இறங்காதீர்கள். எது எங்கே இருக்கிறது என்பதில் தொடங்குங்கள். ஒரு வெள்ளைத்தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் சிறுகுடல், வலப்பக்கம் பெருங்குடல் என்று எழுதுங்கள். மேலிருந்து கீழாகக் குடலின் உட்குழி, சளி, குடலின் உள்சுவரை மூடும் எபிதீலிய செல் வரிசை, அதன் அடியில் உள்ள இணைப்புத்திசு ஆகியவற்றை வரையுங்கள். சிறுகுடலில் சளி ஒரே அடுக்கு. தளர்வானது, செல்களோடு ஒட்டாதது. பெருங்குடலில் இரண்டு அடுக்குகள். வெளி அடுக்கில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. செல்களை ஒட்டிய உள் அடுக்கு அடர்த்தியானது, ஏறத்தாழ பாக்டீரியாவே இல்லாதது. இரண்டுக்கும் மூலப்பொருள் கோப்பைச் செல்கள் சுரக்கும் மியூசின்-2 தான்.

இந்த உள் அடுக்கைத் தெளிவாகக் காட்டியவர்கள் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாலின் யோஹான்சனும் குன்னர் ஹான்சனும், ஆண்டு 2008. அதற்கு முன் பலருக்கு அது கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் எளிமையானது. திசுவை வழக்கமான ஃபார்மலினில் போட்டால், அதிலுள்ள நீரால் சளி குலைந்து சுருங்கிவிடும். எத்தனால், குளோரோஃபார்ம், அசிட்டிக் அமிலம் சேர்ந்த கார்னாய் கரைசலில் பதப்படுத்தினால் சளி நிற்கும். செய்முறை சார்ந்த இத்தகைய செய்திகளை விட்டுவிடாதீர்கள். ‘இந்த முடிவு ஏன் இப்படி வந்தது’ என்று கேட்கும், வினாத்தாளின் பகுதி சி வினாக்களுக்கு இவைதான் தீனி.

வரைபடம் தயாரானதும் காவலர்களை அவரவர் இடத்தில் நிறுத்துங்கள். சிறுகுடலின் பள்ளங்களில் உள்ள பானெத் செல்கள், பாக்டீரியாக்களைக் கொல்லும் டிஃபென்சின்களையும் லைசோசைமையும் சுரக்கின்றன. அங்கே ரெக்-3-காமா என்ற லெக்டின் (சர்க்கரையைப் பற்றும் புரதம்) கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களைச் செல்களிடமிருந்து சுமார் 50 மைக்ரோமீட்டர் தள்ளி நிறுத்துவதாக 2011இல் லோரா ஹூப்பரின் குழு எலிகளில் காட்டியது. பெருங்குடலில் லிப்டி-8 என்ற புரதம் கசையிழை கொண்ட கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களைப் பிடித்து அசையவிடாமல் செய்கிறது. இந்த இரண்டையும் இடம் மாற்றி விடைகளில் கொடுப்பது வினா தயாரிப்பவர்களுக்கு மிக எளிது. மடித்த தாளில் பக்கம் பார்த்து எழுதியிருந்தால் உங்களுக்குக் குழப்பம் வராது. ஐஜிஏ இருமப் படிவம், ஜே சங்கிலி, சுரப்புக் கூறு ஆகியவை எல்லாப் பாடநூலிலும் இருப்பவை. ஒரு பார்வை போதும்.

அடுத்தது, ஒவ்வொன்றையும் நீக்கிப் பார்ப்பது. மியூசின்-2 இல்லாத எலியில் பாக்டீரியாக்கள் செல்களைத் தொட்டுவிடுகின்றன. பெருங்குடல் அழற்சி வருகிறது, கட்டிகளும் தோன்றுகின்றன. சரி, பாக்டீரியாக்களையே நீக்கினால்? கிருமியற்ற எலியின், அதாவது நுண்ணுயிரிகளே இல்லாமல் வளர்த்த எலியின், சளி இன்னும் உறுதியாக இருக்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும். நடப்பது வேறு. அதன் உள் அடுக்கு முழுமை பெறுவதில்லை. பாக்டீரியாக்களைக் குடியேற்றிய பிறகும் சீராக வாரங்கள் ஆகின்றன. தடுப்பு யாருக்கு எதிராகவோ, அவர்களே அதன் கட்டுமானத்துக்குத் தேவைப்படுகிறார்கள். இந்தப் பாடத்தின் சாரம் என்று நான் கருதுவது இதைத்தான்.

உணவையும் இதே முறையில் படியுங்கள். 2016இல் எரிக் மார்ட்டன்ஸ் குழு, கிருமியற்ற எலிகளில் மனிதக் குடலின் 14 பாக்டீரிய இனங்களைக் குடியேற்றி, நார்ச்சத்தை நிறுத்தியது. உண்ண நாரில்லாத பாக்டீரியாக்கள் சளியின் சர்க்கரைச் சங்கிலிகளைத் தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தது, சிட்ரோபாக்டர் ரோடென்டியம் என்ற எலிகளின் நோய்க்கிருமி எளிதில் நுழைந்தது. இந்த ஆய்வுக்கட்டுரையைப் படிக்கும்போது முடிவுகளைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். நார் உண்டு-இல்லை, பாக்டீரியா உண்டு-இல்லை என நான்கு குழுக்களுக்கும் சளியின் தடிமன் எப்படி இருக்கும் என்று நீங்களே பட்டை வரைபடம் போட்டுவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள். பகுதி சி-க்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

‘நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா’ என்று இரண்டு பத்தி போட்டுக் குறிப்பெடுப்பது வீண்வேலை. அக்கர்மான்சியா மியூசினிஃபிலா சளியைத் தின்றே வாழ்கிறது. நெதர்லாந்தின் வாகனிங்கனில் பிரித்தெடுக்கப்பட்டு 2004இல் பெயரிடப்பட்ட இந்த இனத்தை, கொழுப்பு மிகுந்த உணவால் பருத்த எலிகளுக்குக் கொடுத்தபோது மெலிந்திருந்த சளிப்படலம் மீண்டும் தடித்தது. நார் இல்லாத எலியிலோ, பெருகிச் சளியை அரிப்பவர்களில் இதுவும் ஒன்று. எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

பியூட்டிரேட்டுக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஃபீக்காலிபாக்டீரியம் போன்றவை நாரை நொதிக்கவைத்துத் தரும் இந்தக் கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் செல்களின் முதன்மை எரிபொருள். அதை எரிக்கும்போது செல்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் உட்குழி காற்றற்றதாக இருக்கிறது. ஆன்டிபயாடிக் கொடுத்துப் பியூட்டிரேட் குறைந்தால் ஆக்சிஜன் உட்குழிக்குள் கசிகிறது, ஈ. கோலை குடும்பத்தினர் பெருகுகிறார்கள். இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியைப் பிடித்துக் கேட்டாலும் விடை சொல்லத் தெரிய வேண்டும்.

கையேடுகளில் இன்னும் இரண்டு பழைய எண்கள் ஓடுகின்றன. உடலில் மனித செல்களைப் போல் பத்து மடங்கு பாக்டீரியாக்கள் என்பது ஒன்று. 2016 மதிப்பீட்டின்படி விகிதம் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. குடலின் பரப்பு டென்னிஸ் மைதானம் அளவு என்பது இன்னொன்று. 2014 மதிப்பீடு சுமார் 32 சதுர மீட்டர்.

தேர்வு அறையில், நான் எழுதிய முறைப்படி, பகுதி சி-யில் 75 வினாக்களில் 25க்கு விடையளித்தால் போதும். ஒன்றுக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 போகும். குடல் பற்றிய வினா வந்தால் சிறுகுடலா பெருங்குடலா, எலி கிருமியற்றதா சாதாரணமா என்ற இரண்டையும் முதலில் அடிக்கோடிடுங்கள். இவை இரண்டும் வினாவில் தெளிவாக இல்லாவிட்டால் அதைத் தொடாமல் அடுத்ததற்குப் போய்விடலாம். கையில் இன்னும் ஐம்பது இருக்கின்றன.