விற்கிற பிள்ளையிடம் வாங்கலாமா?

வெள்ளிக்கிழமையில் பௌர்ணமி வந்தால் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது சென்னைக்காரர்கள் வழக்கம். காலையில் மேலூர், உச்சியில் திருவொற்றியூர், சாயங்காலம் முல்லைவாயில். மலேசியாவிலிருந்து வந்திருந்த சித்திக்கு இது நெடுநாள் ஆசை. கிளம்பிவிட்டோம்.

திருவொற்றியூர் சன்னதித் தெருவில் வெயில் மண்டையைப் பிளந்தது. பூக்கடைகளுக்கு நடுவே ஒரு பெண் பிள்ளை; ஒன்பது, பத்து வயது இருக்கும். அட்டைப்பெட்டி மூடியில் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தாள். அதில் மஞ்சள் கயிறும் குங்குமப் பொட்டலங்களும். அதே சரக்கைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒருத்தரும் நிற்கவில்லை. பிள்ளை உள்ளூர்க்காரர்களை விட்டுவிட்டு, கூலிங் கிளாஸும் கேமராவுமாக வருகிறவர்களைப் பார்த்தே ஓடினாள். எங்களிடமும் வந்தாள்.

“பத்து ரூபாதான்க்கா, ஒண்ணு வாங்கிக்கோக்கா.”

“ஸ்கூல் இல்லையாம்மா?”

“லீவுக்கா.” சொல்லும்போதே அவள் கண் அடுத்த ஆளைத் தேடியது. அன்று பள்ளிக்கு விடுமுறை கிடையாது.

சித்தி நூறு ரூபாய்த் தாளை எடுத்தார். நான் கையைப் பிடித்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பச்சப்புள்ள வெயில்ல நிக்குது. பத்து ரூபாயில நீ என்னடி கொறைஞ்சு போயிடுவே?”

நான் அந்தப் பாட்டியிடம் உட்கார்ந்து கயிறும் குங்குமமும் வாங்கினேன். நடை திறக்கக் காத்திருந்த நேரம் முழுக்க இதே பேச்சுதான்.

கம்போடியாவின் அங்கோர் கோயில்களுக்குப் போனபோதும் இதைப் பார்த்திருக்கிறேன். போஸ்ட்கார்டும் கைக்கயிறுமாகப் பிள்ளைகள் ‘ஒன் டாலர்’ என்று கூடவே வருவார்கள். அங்கே ‘சைல்ட்சேஃப்’ என்ற அமைப்பு, பிள்ளைகளிடம் வாங்காதீர்கள், பெரியவர்களிடம் வாங்குங்கள் என்று பயணிகளைக் கேட்டுக்கொள்கிறது. காரணம் எளிது. அம்மா விற்றால் போகாத சரக்கு பிள்ளை நீட்டினால் போகிறது. அப்படியிருக்க, பள்ளிக்கு அனுப்புவது வீட்டுக்கு நஷ்டமாகிவிடுகிறது. மீசை அரும்பியதும் அதே பிள்ளையிடம் வாங்க ஆளிருக்காது. அப்போது கையில் படிப்பும் இருக்காது.

அந்த உச்சி வேளையில் அவள் இழந்தது பாடம் மட்டுமில்லை. பள்ளியில் அப்போது சுடச்சுடச் சோறும் முட்டையும் போட்டுக்கொண்டிருப்பார்கள். 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியதே, பசி பிள்ளைகளைப் படிப்பிலிருந்து இழுத்துவிடக் கூடாது என்றுதான். வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் இருக்கும் கல்லூரி வழியாகத்தான் நாங்கள் வந்தோம். இங்கிருந்து எட்டிவிடுகிற தூரம். அந்தச் சோற்றை விட்டுவிட்டு இந்தப் பிள்ளை வெயிலில் நிற்கிறாள் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

“காசு கொண்டு போகலேன்னா வீட்டுல அடி விழுந்தா?” என்றார் சித்தி. விழலாம். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் நாம் கொடுக்கும் பத்து ரூபாய் அந்த அடியை நிறுத்தாது. நாளைக்கும் அவளை அங்கேயே நிறுத்தும். பள்ளி நேரத்தில் தனியாக விற்கும் பிள்ளையைக் கண்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் பேசலாம். இரவும் பகலும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. கோயில் வாசலிலிருந்தே பேசினேன். இடம், நேரம், பிள்ளையின் வயது எல்லாம் கேட்டுக்கொண்டார்கள்.

அம்மா கடையில் கூடமாட இருக்கும் பிள்ளையை இதோடு சேர்க்க மாட்டேன். 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று சொல்லிவிட்டு, பள்ளி முடிந்த பிறகோ விடுமுறையிலோ குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில் உதவ இடம் விடுகிறது. அந்தச் சலுகையைச் சாக்காக்கி நாள் முழுக்க வேலை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது வேறு வருத்தம்.

சாயங்காலம் முல்லைவாயிலில் ஒரு பையன் சீருடையோடு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். சித்தி அங்கே நான்கு முழம் மல்லி வாங்கினார். “இவன்கிட்ட மட்டும் வாங்கலாமா?” என்று என்னைக் கேட்டார். காசை அவன் அம்மாவிடம் கொடுங்கள் என்றேன். கொடுத்தார், ஆனாலும் திருவொற்றியூர்ப் பிள்ளை விஷயத்தில் அவர் இன்னும் என் கட்சியில்லை.