டோஃபு கத்தரிக்காய் வதக்கல்: நாலாவது தடவை

நாலு ஞாயிற்றுக்கிழமையாக இந்த ஒன்றைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். சீனாவின் சிச்சுவான் சமையலில் ‘யூஷியாங்’ என்று ஒரு சுவைக்கூட்டு உண்டு. மீன் மணம் என்று அர்த்தம், ஆனால் அதில் மீன் துளியும் கிடையாது. மீனுக்குப் போடுகிற இஞ்சி, பூண்டு, ஊறுகாய் மிளகாய், வினிகர், சர்க்கரை எல்லாம் சேர்வதால் வந்த பெயர் என்பார்கள். கத்தரிக்காயை அந்தக் கூட்டில் புரட்டுவது அங்கே சாதாரண வீட்டுச் சமையல். அதோடு டோஃபுவும், அதாவது சோயாப் பாலில் செய்கிற பன்னீர் மாதிரிக் கட்டியும், சேர்ந்தால் சோற்றுக்கு வேறு எதுவும் வேண்டாமே என்று ஆரம்பித்தேன்.

முதல் தடவை இரண்டையும் நறுக்கி நேராக வாணலியில் போட்டேன். கத்தரிக்காய் ஊற்ற ஊற்ற எண்ணெயைக் குடித்தது, அப்படியும் நடுவில் வேகவில்லை. டோஃபு தண்ணீர் விட்டு, கிளறக் கிளற உதிர்ந்து முட்டைப் பொரியல் மாதிரி ஆகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் இரண்டிலும் பிரச்சினை ஒன்றுதான், தண்ணீர். கத்தரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர், மிச்சம் பஞ்சு மாதிரி சதை, அந்தச் சதைக்குள் இருக்கிற காற்று வெளியே போகிற இடத்திலெல்லாம் எண்ணெய் புகுந்துகொள்கிறது.

இரண்டாவது தடவை கத்தரிக்காயை உப்புப் போட்டு அரை மணி நேரம் வைத்துப் பிழிந்தேன். எண்ணெய் குறைந்தது, ஆனால் சோயா சாஸும் சேர்ந்ததும் வாயில் வைக்க முடியாத உப்பு. டோஃபு விஷயத்தில் மட்டும் அன்றைக்கு ஒரு நல்லது நடந்தது: துண்டில் சுற்றி, மேலே தோசைக்கல்லை ஏற்றி இருபது நிமிடம் விட்டேன், துண்டு முழுக்க நனைந்து டோஃபு பன்னீர் மாதிரி கெட்டியாகிவிட்டது.

மூன்றாவது தடவைதான் இட்லிப் பானை ஞாபகம் வந்தது. விரல் நீளத் துண்டுகளைத் தட்டில் பரப்பி ஏழு நிமிடம் ஆவியில் வைத்தேன். சதை அமுங்கி, காற்றெல்லாம் போய், அப்புறம் வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயே தாராளமாக இருந்தது. ருசி சரியாக வந்துவிட்டது, நிறம்தான் போச்சு, ஊதாத் தோல் பழுப்பாகிவிட்டது.

இந்த வாரம் அதற்கும் வழி கிடைத்தது. ஆவியில் வைப்பதற்கு முன் தோல் பக்கம் கீழே இருக்கும்படி காய்ந்த எண்ணெயில் ஒரு நிமிடம் வைத்து எடுத்தேன், பிறகு ஐந்தே நிமிடம் ஆவி. ஊதா முழுசாக நிற்கவில்லை, ஆனாலும் கத்தரிக்காய் என்று பார்த்ததும் தெரிகிறது. காய் நீளமான, விதை குறைந்த ஊதாக் கத்தரிக்காயாக இருக்கட்டும். முள் கத்தரிக்காயெல்லாம் எண்ணெய்க் குழம்புக்குத்தான், இதில் அதை வீணாக்காதீர்கள்.

கால் கிலோ கத்தரிக்காய்க்கு 200 கிராம் டோஃபு எடுத்தேன். டோஃபுத் துண்டுகளைச் சட்டியில் போடுவதற்குச் சற்று முன்னால்தான் சோள மாவில் (கடையில் கார்ன்ஃப்ளார் என்று விற்கிற வெள்ளை மாவு) புரட்ட வேண்டும், முன்கூட்டியே புரட்டி வைத்தால் மாவு பசையாகிவிடும். இரும்புச் சட்டியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். முதலில் ஒட்டிக்கொண்டு வராது, மூன்று நான்கு நிமிடத்தில் அடி பொன்னிறமானதும் கரண்டி பட்டாலே தானாகக் கழன்று வரும். அதற்குள் சுரண்டினால் மேல்தோல் சட்டியோடு போய்விடும். டோஃபுவை எடுத்து வைத்துவிட்டு அதே எண்ணெயில் நசுக்கிய பூண்டு ஆறு பல், பொடியாக நறுக்கிய இஞ்சி, ஊறவைத்து அரைத்த நாலு காய்ந்த மிளகாய். சிச்சுவானில் இந்த இடத்தில் மொச்சை வகைப் பயற்றைப் புளிக்கவைத்துச் செய்த மிளகாய் விழுதுதான் போடுவார்கள், அந்த ஆழம் வெறும் மிளகாய் விழுதில் வராது, அது எனக்கு இன்னும் குறையாகத்தான் இருக்கிறது.

பச்சை வாசனை போனதும் கத்தரிக்காய், டோஃபு, அதன் மேல் கலந்து வைத்த சாறு: சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, வினிகர் ஒன்று, சர்க்கரை இரண்டு டீஸ்பூன், சோள மாவு ஒரு டீஸ்பூன், தண்ணீர் கால் டம்ளர். ஊற்றுவதற்கு முன் ஒருமுறை கலக்கிவிடுங்கள், மாவு அடியில் படிந்திருக்கும். உப்பு தனியாகப் போடவே இல்லை. அரை நிமிடத்தில் சாறு பளபளவென்று கெட்டியாகித் துண்டுகளைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது, அப்போதே அடுப்பை அணைத்து வெங்காயத்தாள் தூவ வேண்டியதுதான்.

வீட்டில் சட்டியைச் சோறு போட்டுத் துடைத்துச் சாப்பிட்டார்கள். மிச்சமிருந்த பாதி டோஃபுவை ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். உறைந்து உருகினால் உள்ளே சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்து சாறு இன்னும் இறங்கும், அடுத்த ஞாயிறு அதைத்தான் பார்க்கப் போகிறேன்.