மதிலை எங்கே காயவைப்பது?

லியூ சியே கி.பி. 500ஐ ஒட்டி எழுதிய ‘வென்சின் தியாவ்லோங்’ 50 அத்தியாயங்கள் கொண்ட சீன இலக்கியக் கோட்பாட்டு நூல். அதன் 15ஆம் அத்தியாயம் சியே, யின் இரண்டையும் சேர்த்தே பேசுகிறது. சியே நகைச்சுவை, யின் மறைபொருள்.

சியே என்ற எழுத்தைப் பிரித்தால் ‘பேச்சு’ம் ‘எல்லாரும்’ என்பதும் கிடைக்கும். எளிய சொல்லால் எல்லாரையும் சிரிக்க வைப்பது என்று அதிலிருந்தே வரையறுக்கிறார். (அவர் பெயரில் உள்ள சியே வேறு எழுத்து, இன்றைய உச்சரிப்புதான் ஒன்று.) யின்னில் ‘பேச்சு’க்குப் பக்கத்தில் ‘மறைவு’ நிற்கிறது. தொல்காப்பியத்தில் வெளிப்படையாகப் பழிக்கும் செம்பொருள் அங்கதமும், மறைத்துப் பழிக்கும் பழிகரப்பு அங்கதமும் நமக்கு உடனே நினைவுக்கு வரும். ஆனால் அங்கே கரப்பது பழியை. இங்கே பெரும்பாலும் அறிவுரையை.

அவர் மெச்சும் நகைச்சுவைக்கு யோ ஜான் என்ற அரசவைக் கோமாளி நல்ல உதாரணம். சின் வம்சத்தின் இரண்டாம் பேரரசர் நகர மதிலுக்கு லாக்கர் என்னும் மெருகுப்பூச்சு பூச நினைக்கிறார். யோ ஜான் மறுப்பதில்லை. “அருமை! வழவழப்பில் எதிரி ஏற முடியாது. பூசுவதும் எளிது. அதைக் காயவைக்க நிழல் அறை கட்டுவதுதான் கஷ்டம்” என்கிறான். சீன லாக்கர் மரப்பால். வெயிலில் இறுகாது, ஈரப்பதமுள்ள நிழல் அறை வேண்டும். இந்தத் தொழில் விவரம் தெரியாதவருக்கு நகைச்சுவையில் பாதி போய்விடும். பேரரசர் சிரித்தார், திட்டத்தைக் கைவிட்டார். பேச்சு எவ்வளவு கோணலாக இருந்தாலும் நோக்கம் நேராக இருக்கிறதா என்பதே லியூ சியேயின் அளவுகோல். கவிஞர் இங் யாங்கின் மூக்கை உரித்த முட்டையோடும், இன்னொரு கவிஞர் சாங் ஹுவாவின் உருவத்தை உலக்கையோடும் ஒப்பிட்ட கேலிகள் அதில் தேறவில்லை. எனக்கென்னவோ, முட்டையிடம் அவர் கொஞ்சம் கடுமையாக நடந்துகொண்டார் என்றே படுகிறது.

யின்னுக்கு அவர் கேட்பது இன்னும் சிரமமானது: சொல் ஒளிந்திருக்க வேண்டும், ஆனால் தெரியவும் வேண்டும். பின்னாளில் இது விடுகதையாக மாறி, எழுத்துகளைப் பிரித்துப் புதிர் போடும் கெட்டிக்காரத்தனமாக இளைத்தது அவருக்கு உறுத்துகிறது.

மறைப்பு கொஞ்சம் கூடினால் என்ன ஆகும் என்பதை, அவர் சுட்டும் வறண்ட கிணற்றுக் கதையில் பார்க்கலாம். விவரம் ‘சுவோ சுவான்’ வரலாற்றில் இருக்கிறது. கி.மு. 597இல் சூ நாட்டுப் படை சியாவ் நகரை முற்றுகையிட்டிருக்கிறது. உள்ளே சிக்கிய ஹுவான் வூஷே, எதிர்ப்படையில் இருக்கும் தனக்குத் தெரிந்தவரை உயிர் தப்ப உதவி கேட்டு அழைக்கிறார். சுற்றிலும் வீரர்கள், வெளிப்படையாகப் பேச முடியாது. “கோதுமை நொதி இருக்கிறதா?” என்று அவரிடமிருந்து கேள்வி வருகிறது. “இல்லை.” மலை மூலிகை ஒன்றைச் சொல்லி, “அது இருக்கிறதா?” “இல்லை.” இரண்டும் ஈரத்தின் கேட்டைத் தடுக்கும் மருந்துகள், சேற்றிலோ நீரிலோ பதுங்கு என்பது குறிப்பு என்கிறார்கள் உரையாசிரியர்கள். வூஷே அவற்றை நேர்ப்பொருளாகவே எடுத்துக்கொண்டார். “ஆற்று மீனுக்கு வயிற்றுநோய் வந்தால் என்ன செய்வாய்?” என்று மூன்றாவதாகக் கேட்ட பிறகே விளங்கியது. “வறண்ட கிணற்றைப் பார்த்து என்னை மேலே தூக்கு” என்றார். கிணற்றின் மேல் புல்கயிறு அடையாளம், அருகே வந்து அழுவது சைகை என்று முடிவானது.

மறுநாள் நகரம் விழுந்தது. புல்கயிறு கிடந்த கிணற்றருகே ஒருவர் நின்று ஓவென்று அழுதார்.