சங்கரா செதிலும் மூன்று டியூபும்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு செம்பருத்தித் தொட்டி இருக்கிறது. அதன் குருத்தில் மாவுப்பூச்சி வெள்ளையாய் அப்பியிருக்கும். பிள்ளையார் எறும்புகள் நாள் முழுக்க ஏறி இறங்கும். அங்கே என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் பார்க்கும் ஆசையில்தான் எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்கினேன். சின்னப் பொருளைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸுக்கு இப்போது கையில் காசு இல்லை. இருப்பது ஒரு கேனான் டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், ஒரு 50 எம்எம் 1.8.

டியூப் என்றால் உள்ளே கண்ணாடியே இல்லாத வெறும் வளையம். லென்ஸை, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரிலிருந்து தள்ளி வைக்கும், அவ்வளவுதான். தள்ளத் தள்ளக் கிட்டத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகும். தூரத்தில் இருப்பது எதுவும் ஆகாது. டியூபின் நீளத்தை லென்ஸின் ஃபோகல் லெங்த்தால் (50 எம்எம் என்று லென்ஸில் போட்டிருக்கும் எண்) வகுத்தால் எவ்வளவு உருப்பெருக்கம் கூடும் என்று தெரிந்துவிடும். என் செட்டில் 12, 20, 36 மி.மீ. என்று மூன்று. 36ஐ 50ஆல் வகுத்தால் 0.72; அதாவது சென்சாரில் விழும் உருவம் நிஜ அளவில் 0.72 பங்கு. 36 டியூபோடு 50 லென்ஸை இன்ஃபினிட்டியில் (ஃபோகஸ் வளையத்தின் கடைசித் தூரத்தில்) வைத்து ஒரு ஸ்கேலைப் படம் எடுத்தேன். சென்சாரின் அகலம் 22.3 மி.மீ.; படத்துக்குள் ஸ்கேலில் 31 மி.மீ. அடங்கியது. மூன்று டியூபையும் சேர்த்துப் போட்டால் 16 மி.மீ. மட்டும். கணக்கு அப்படியே ஒத்துப்போனதில் அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

கிட் லென்ஸை 18இல் வைத்து 36 டியூப் போட்டால் ஒன்றுமே தெரியாது. ஃபோகஸ் ஆக வேண்டிய இடம் லென்ஸுக்குள்ளேயே போய்விடுகிறது. 50தான் சரி. இன்னொன்று, கேமராவையும் லென்ஸையும் மின்சாரத்தால் இணைக்கும் காண்டாக்ட் பின் இல்லாத மலிவு டியூப் வாங்காதீர்கள். நான் முதலில் அதைத்தான் வாங்கினேன். லென்ஸோடு கேமரா பேசாததால், வெளிச்சம் நுழையும் துளையான அப்பர்ச்சர் முழுசாகத் திறந்தே நிற்கும். எறும்பின் ஒரு மீசை மட்டும் தெளிவாக இருக்கும், மற்றதெல்லாம் புகை. பின் உள்ள செட்டுக்கு மாறிய பிறகுதான் எஃப்/8, எஃப்/11 என்று (எண் கூடினால் துளை சின்னதாகும்) மூட முடிந்தது. அதற்கு மேல் மூடினால் படம் மழுங்குகிறது.

முதல் இரண்டு வாரம் எறும்பை எடுத்துத் தோற்றேன். நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்துவிட்டு நின்றுவிடும். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பினால் அதற்குள் எறும்பு போய்விடும்.

அப்புறம் ஒரு ஞாயிறு, அம்மா காசிமேட்டிலிருந்து சங்கரா மீன் வாங்கி வந்து ஆய்ந்துகொண்டிருந்தார். செதில் ஒன்று என் கையில் வந்து ஒட்டியது. ஓடாத பொருள்! அதைத் துணிக் கிளிப்பில் நிறுத்தி, பின்னால் டிரேசிங் ஷீட், அதற்குப் பின்னால் போன் டார்ச். கேமராவை அரிசி நிரப்பிய துணிப்பையின் மேல் வைத்தேன். ஃபோகஸ் வளையத்தைத் தொடவே இல்லை. கேமராவையே மயிரிழை மயிரிழையாக முன்னே தள்ளினேன். செதிலில் கைரேகை மாதிரி வரி வரியாய் வளையங்கள் எழுந்து வந்தன. ஒரு ஓரத்தில் மட்டும் சீப்புப் பல் போலப் பொடி முட்கள். வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் சங்கரா ஏன் சொரசொரக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷம் தின்ற மீன் அது. செதில் காய்ந்தால் சுருண்டுவிடும், ஈரத்தோடே எடுத்துவிட வேண்டும்.

ஃபோகஸ் என்பது கை வேலை இல்லை, உடம்பு வேலை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தச் செதில்தான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பூச்சியை விட்டுவிட்டு ஒரு வாரம் செதில், உப்புக்கல், இலை நரம்பு என்று எடுங்கள்.

அடுத்த தொல்லை வெளிச்சம். உருப்பெருக்கம் கூடக் கூட வெளிச்சம் குறையும். ஒன்றுக்கு ஒன்று அளவில், அதாவது பொருள் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும்போது, இரண்டு ஸ்டாப் போய்விடுகிறது; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது. எஃப்/8 வைத்தால் எஃப்/16 போல. கேமராவின் ஃபிளாஷைத் தூக்கினால் லென்ஸின் நிழலே எறும்பின் மேல் விழுகிறது. ஸ்வீட் பாக்ஸ் அட்டையை வெட்டி, உள்பக்கம் அலுமினியம் ஃபாயில் ஒட்டி, வெளிச்சத்தை லென்ஸின் நுனிவரை கொண்டுபோனேன். அட்டையின் வாயில் டிரேசிங் ஷீட். ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200. மதியம் கடல் காற்று வந்தால் குருத்து நிற்காது, அதனால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

போன புதன் காலை மூச்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தேன். எறும்பு தன் மீசையால் மாவுப்பூச்சியின் முதுகைத் தட்டியது. ஒரு சொட்டுத் தேன்நீர் வெளியே வந்தது. அதை எறும்பு வாயில் வாங்குமுன் ஃபிளாஷ் அடித்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், சொட்டுக்குள் வெள்ளையாய் ஒரு சின்னச் சதுரம். என் டிரேசிங் ஷீட்!

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா செடி செத்துப்போயிடும். ஞாயித்துக்கிழமை வேப்பெண்ணெய் அடிச்சிடுவேன்" என்றார்.

சரி, செடி அவருடையது. இன்று வெள்ளி. நாளை ஒரு காலை பாக்கி இருக்கிறது. மூன்று டியூபும் சேர்ந்த 68 மி.மீ. முழுசாகப் போட்டு, அந்தச் சொட்டு எறும்பின் வாய்க்குள் போகிற நொடியைப் பிடிக்கப் பார்க்கிறேன்.