பள்ளியில் உயர்நிலைக் கணிதமும் அறிவியலும் எடுத்தால் பின்னாளில் என்ன ஆகும்?

பள்ளியின் கடைசி இரண்டு வருடத்துக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்துவிட்டால், பிள்ளைகளும் பெற்றோரும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பது ஒன்றுதான்: கஷ்டமான கணக்கும் இயற்பியலும் எடுத்தால் பின்னால் வேலைக்கு உதவுமா, இல்லை மார்க்தான் குறையுமா? நான் அந்த வழியில் போனவள், இப்போது எம்ஆர்ஐ ஸ்கேன் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன், ஆகவே உதவும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் எது உதவியது என்று யோசித்தால், அவர்கள் நினைக்கிற விஷயங்கள் அந்தப் பட்டியலில் கீழேதான் வருகின்றன.

முதலில் சுலபமான பகுதி. சில படிப்புகளுக்குள் நுழையவே இந்தப் பாடங்கள் வேண்டும். கேம்பிரிட்ஜில் கணிதம் படிக்க, பிரிட்டனின் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவல் எழுதுகிறவர்களிடம் ஃபர்தர் மேத்ஸ் என்ற கூடுதல் கணிதப் பாடத்தை எதிர்பார்க்கிறார்கள், அதற்கு மேல் ஸ்டெப் என்று தனிக் கணிதத் தேர்வு வேறு. பல நாடுகளில் நடத்தப்படும் ஐபி என்ற பள்ளிப் பாடத்திட்டத்தில் 2019 முதல் கணிதம் இரண்டாகப் பிரிந்துவிட்டது, ஒன்று பகுப்பாய்வு சார்ந்தது, மற்றது பயன்பாடு சார்ந்தது. இரண்டும் கணக்குதானே என்று பயன்பாட்டுப் பக்கம் போய்விட்டு, பிறகு பொறியியலுக்கோ இயற்பியலுக்கோ விண்ணப்பித்தால், சில பல்கலைக்கழகங்கள் பகுப்பாய்வுக் கணிதத்தை ஹையர் லெவலில், அதாவது உயர்நிலையில், படித்திருக்க வேண்டும் என்று கைவிரித்துவிடும். மனதில் இருக்கிற நாலைந்து பல்கலைக்கழகங்களின் சேர்க்கை விதிகளை எடுத்து என்ன பாடம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். அரை நாள் வேலைதான், பலர் செய்வதே இல்லை.

அப்புறம், பழைய மாணவர்களின் பெருமை. நியூயார்க்கின் பிராங்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளி 1938இல் தொடங்கியது, அங்கே படித்தவர்களில் இயற்பியலுக்கு மட்டும் 7 பேர் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார்கள். 1971இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கினார். கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி கணக்குத் தேர்வை 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு வைத்து, அதில் அசத்தியவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முனைவர் பட்டமும் காப்புரிமையும் வாங்கியவர்கள் அவர்களில் ஏகப்பட்ட பேர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வாசலிலேயே வடிகட்டி எடுத்த பிள்ளைகள் இவர்கள். அந்தப் பள்ளியோ ஆய்வோ இல்லாவிட்டாலும் இதே தூரம் போயிருப்பார்களோ என்னவோ?

இந்த முடிச்சை மூன்று பொருளாதார அறிஞர்கள் நன்றாகப் பிடித்தார்கள்: அப்துல்கதிரோக்லு, ஆங்ரிஸ்ட், பதக். பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் நுழைவுத் தேர்வு வைக்கும் பள்ளிகளில், கட்-ஆஃபுக்குச் சற்று மேலே வந்து இடம் கிடைத்தவர்களையும் சற்றுக் கீழே நின்று இடம் தவறியவர்களையும் எடுத்து ஒப்பிட்டார்கள். 2014இல் வெளிவந்த அந்த ஆய்வில், பிறகு எழுதிய தேர்வு மதிப்பெண்களில் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் பெரிதாக இல்லை. அவர்கள் அளந்தது முக்கியமாக மதிப்பெண்களை, முழு வாழ்க்கைப் பாதையை அளக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் ஒரு மார்க்கில் இடம் போய்விட்டது, எதிர்காலமே போச்சு என்று இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிற வீட்டில் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

சரி, பள்ளியின் பெயர் இல்லையென்றால் என்னிடம் ஒட்டிக்கொண்டது எது? விடை தெரியாத கணக்கோடு நாள்கணக்கில் உட்காரும் பழக்கம். சாதாரண வகுப்பில் ஒரு கணக்கு ஐந்து நிமிடத்தில் வரவில்லையென்றால் நமக்குத் தெரியாது என்று பொருள், அடுத்ததற்குப் போய்விடுவோம். உயர்நிலை வகுப்பில் எங்கள் ஆசிரியர் வாரம் ஒரு தாள் கொடுப்பார், அதில் கணக்கு கொஞ்சம்தான் இருக்கும், கடைசிக் கணக்கு பெரும்பாலும் யாருக்கும் வராது, வராவிட்டாலும் எதுவரை வந்தோம், எங்கே முட்டிக்கொண்டோம், அடுத்து என்ன முயற்சி செய்வோம் என்று எழுதித் தந்தே ஆக வேண்டும். அப்போது கொடுமையாக இருந்தது. இப்போது என் வேலையில் பாதி அதுதான். ஸ்கேன் படத்தில் உறுப்பின் மங்கலான நகல் ஒன்று தள்ளி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நோயாளி அசைந்ததாலா, காந்தப்புலம் சீராக இல்லையா, எங்கள் நிரலில்தான் கோளாறா என்று முதலில் யாருக்கும் தெரியாது, ஒவ்வொன்றாக விலக்கி எது பாக்கி என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். நல்ல மார்க்கோடு வரும் இளைஞர்களில் சிலர் இங்கேதான் திணறுகிறார்கள், கணக்கு வராததால் இல்லை, எதுவும் புரியாமல் இரண்டு நாள் இருந்து பழக்கமில்லாததால்.

ஆய்வகமும் அப்படித்தான். தனி ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கும் சோதனையை எல்லோரும் செய்திருப்போம், 9.8 வரவில்லையென்றால் வரவைத்து எழுதுவது எங்கேயும் நடக்கும் கூத்து. உயர்நிலை வகுப்பில் 9.6 என்று எழுதினாலும் திட்டமாட்டார்கள், ஆனால் பிழை எவ்வளவு, எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும்: நீளம் அளந்ததிலா, ஊசலை அதிக அகலத்துக்கு ஆடவிட்டதிலா, கடிகாரத்தை அழுத்திய கை தாமதித்ததிலா. வாய்பாட்டில் அலைவு நேரம், அதாவது ஊசல் ஒருமுறை போய்வர ஆகும் நேரம், வர்க்கமாக வருவதால் அதில் 1 சதவீதம் தவறினால் விடையில் 2 சதவீதம் ஆகிவிடும், ஆகவே நீளத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்துவிட்டு நேரத்தில் கோட்டை விட்டால் பயனில்லை. ஒரு எண்ணைக் கேட்டதும் ‘கூட்டல் கழித்தல் எவ்வளவு?’ என்று கேட்கிற புத்தி அங்கே வந்தது. என் வகுப்பில் இருந்த ஒருத்தி மருந்துப் பரிசோதனைப் புள்ளியியலில் இருக்கிறாள், ஒருவன் காப்பீட்டில் இடர் கணிக்கிறான், இருவரும் இயற்பியலைத் தொட்டு வருடங்கள் ஆகிவிட்டன, ஆனால் அந்தப் புத்தி மட்டும் போகவில்லை.

கூடப் படிப்பவர்களையும் சொல்ல வேண்டும். ஷெல்டன் கிளாஷோவும் ஸ்டீவன் வைன்பெர்க்கும் பிராங்ஸ் பள்ளியில் ஒரே வகுப்புத் தோழர்கள், 1979 நோபல் பரிசை அப்துஸ் சலாமுடன் பகிர்ந்துகொண்டவர்கள். அது அபூர்வம்தான். ஆனால் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் நாலு பேர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பதினாறு வயதிலேயே பழகிவிட்டால், கல்லூரியிலும் வேலையிலும் அப்படிப்பட்டவர்களைப் பார்த்து மிரள மாட்டோம். ஊரிலேயே முதல் மாணவராக இருந்து வந்தவர்கள் முதல் பருவத்தில் சுருண்டுபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாடத்திலிருந்து நேராக வேலைக்கு வந்தது என்றால் கலப்பெண்கள், அதாவது மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தையும் சேர்த்துக்கொண்ட எண்கள். எம்ஆர்ஐ கருவி நேரடியாகப் படம் பிடிப்பதில்லை, படத்தைப் பல அலைகளாகப் பிரித்தால் எந்த அலை எவ்வளவு இருக்கும் என்று சொல்லும் கலப்பெண்களைத்தான் அது சேகரிக்கிறது, ஃபூரியர் மாற்றம் என்ற கணக்கு முறையால் அவற்றைத் திருப்பினால்தான் படம் கிடைக்கும். இருபடிச் சமன்பாட்டுக்கு மெய்யெண் மூலம் இல்லாதபோது கைகொடுக்கும் தந்திரம் என்று மட்டும் கலப்பெண்ணைப் படித்தவர்கள் இதைப் பார்த்து முழிப்பார்கள். கலப்பெண்ணால் பெருக்குவதை ஒரு சுழற்சியாகப் பார்த்துப் படித்தவர்களுக்கு ஒரு மதியம் போதும்.

ஒரு இடத்தில் மட்டும் எச்சரிக்கை. அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரி அளவில் நடத்தப்படும் ஏபி கால்குலஸ் பிசி தேர்வில் உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கினால் பல அமெரிக்கக் கல்லூரிகளில் முதல் இரண்டு கால்குலஸ் பாடங்களைத் தாண்டிப் போகலாம். பணமும் நேரமும் மிச்சம், யாருக்குத்தான் ஆசை வராது. ஆனால் வகையிடல், தொகையிடல் கணக்குகளை மளமளவென்று போடுவது வேறு, எல்லை என்றால் என்ன என்று எப்சிலான் டெல்டா என்ற துல்லியமான வரையறையை வைத்து நிறுவுவது வேறு. கணிதத்தையே முதன்மைப் பாடமாக எடுக்கப் போகிறவர்கள், தாண்டப் போகும் பாடத்தின் பழைய இறுதித் தேர்வுத் தாளைக் கேட்டு வாங்கி, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முழு நேரமும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள், தடுமாறாமல் வந்தால் தாராளமாகத் தாண்டலாம். மிச்சமாகும் நேரத்தை நேரியல் இயற்கணிதத்துக்கு (லீனியர் அல்ஜீப்ரா) கொடுங்கள். பள்ளியில் அது பெரும்பாலும் அணிகளைப் பெருக்குவதோடு நின்றுவிடுகிறது, இயந்திரக் கற்றலோ ரோபோவோ ஸ்கேனோ எதை எடுத்தாலும் அடியில் இருப்பது அதுதான்.

இந்த வழியில் போகாதவர்களுக்குக் கதவு சாத்திவிட்டது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். மரியம் மிர்சாகானி 1994, 1995 சர்வதேசக் கணித ஒலிம்பியாடுகளில் தங்கம் வாங்கி, 2014இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கினார். ஜூன் ஹு கவிஞராகப் போகிறேன் என்று உயர்நிலைப் பள்ளியையே பாதியில் விட்டவர், 2022இல் அவருக்கும் அதே பதக்கம் கிடைத்தது. முதல் கதையை மட்டும்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

எடுப்பது என்று முடிவானால், எல்லாவற்றையும் உயர்நிலையில் எடுக்காதீர்கள். கணிதம் ஒன்று, அதோடு உண்மையில் பிடித்த அறிவியல் ஒன்று, போதும். நாலு பாடத்தை உயர்நிலையில் இழுத்துக்கொண்டால் அந்தக் கடைசிக் கணக்கோடு உட்கார நேரமே இருக்காது, வீட்டுப்பாடத்தை முடிப்பதே வேலையாகிவிடும், எதற்காக எடுத்தோமோ அதுவே போய்விடும். பாடம் ஒத்துவரவில்லையென்றால் சாதாரண வகுப்புக்கு மாற எத்தனை வாரம் அவகாசம் உண்டு, மாறினால் சான்றிதழில் அது எப்படிப் பதிவாகும் என்று சேரும் முன்பே பள்ளி அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.