பிள்ளைச் செலவு

கும்பகோணத்தில் வக்கீல் குமாஸ்தா வேலை. விவாகரத்து மனு டைப் செய்வது எனக்குச் சிரமமே இல்லை. கல்யாணத் தேதி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பிரிந்த காரணம் எல்லாம் வரிசையாக வந்துவிடும். கை நிற்கும் இடம் சொத்து, கடன் அபிடவிட்தான். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதிலிருந்து, ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் வரவு செலவைச் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும்.

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஏழு வயது மகனோடு வந்திருந்தார். "பிள்ளைக்கு மாசம் என்னம்மா செலவு?" என்று கேட்டேன்.

"தனியா என்னண்ணே செலவு, நான் சாப்பிடறதுதான் அவனுக்கும்."

பையன்தான் சொன்னான்: "வேன் காசும்மா. மூச்சு மருந்து. டியூஷன்." எந்த மாதம் எது பாக்கி என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு எழுத ஓடவில்லை. இப்போதெல்லாம் கணக்குப் பேசும்போது பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்வதில்லை.

கணவர் குத்தகை விவசாயி. வருமானமே இல்லை என்று பதில் மனு போட்டார். சம்பாப் பயிரை மழை கெடுத்த வருஷம், முழுப் பொய்யென்று சொல்ல மாட்டேன். ஆனால் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில்தான் ஏறும். பாஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கினோம், பேச்சு மாறியது.

ஒரு தப்பை இங்கே சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் விவாகரத்து மனுவுக்குக் கோர்ட்டில் நம்பர் விழட்டும், இடைக்கால ஜீவனாம்ச மனுவை அப்புறம் போடலாம் என்று வைத்திருப்பேன். ஜீவனாம்ச மனு போட்ட தேதியிலிருந்துதான் தொகை என்று அதே தீர்ப்பு சொல்கிறது. நான் தள்ளிய மாதங்களெல்லாம் ஏதோ ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணம். இப்போது இரண்டையும் ஒரே நாளில் தாக்கல் செய்துவிடுகிறேன்.

பையன் யாரிடம் இருப்பது என்பதில் பெரிய தகராறு வரவில்லை. ஐந்து வயதுக்குள் என்றால் சாதாரணமாகத் தாயிடம் என்று 1956ஆம் வருட இந்து மைனர் காப்பாளர் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் பிள்ளையின் நலன்தான் கணக்கு. சமரசத்தில் மாதம் இரண்டு ஞாயிறு தகப்பனாருக்கு என்று முடிவானது. கையெழுத்துக்கு முன் அவர் தயங்கி, "கன்னுக்குட்டி அவன் வளர்த்தது சார்" என்றார். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் தலையசைத்தார்.

ஒரு வரி சேர்த்து மறுபடி டைப் செய்தேன்: மாட்டுப் பொங்கலன்று காலை முதல் மாலை வரை தகப்பனார் வீட்டில்.